உங்களுக்குத் தெரியுமா? விரலால் தட்டினால் டீத்தூள் வருமா!

கைப்பேசியில் ஆலை நடத்தும் விளையாட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். திரையைத் தட்டினால் சரக்கு வரும், சரக்கை விற்றால் காசு வரும், காசு சேர்ந்தால் இன்னொரு இயந்திரம். நடுநடுவே குட்டிக் குட்டி ஆட்டங்கள்: பெட்டியை அடுக்கு, வால்வைத் திருகு, சூடு எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள். பொழுதுபோக்கு என்று நாம் ஆடும் இதே ஆட்டத்தைக் குன்னூர், கோத்தகிரி மலைகளில் வயிற்றுப்பிழைப்பாக ஆடுகிறார்கள். அங்கே ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பொத்தான் மட்டும் இல்லை.

★ தட்டு விளையாட்டுகளில் புகழ்பெற்றது ‘குக்கி கிளிக்கர்’. ஜூலியன் தியென்னோ என்ற பிரெஞ்சு நிரலாளர் 2013 ஆகஸ்டில் வெளியிட்டார். ஒரு தட்டுக்கு ஒரு பிஸ்கட். தட்டித் தட்டி அலுத்தால், நமக்குப் பதிலாகத் தட்டும் கர்சரை 15 பிஸ்கட் கொடுத்து வாங்கலாம். அடுத்தடுத்த கர்சர் ஒவ்வொன்றும் முந்தையதைவிட 15 சதவீதம் விலை கூடும். பதினோராவது கர்சருக்கு 61 பிஸ்கட் ஆகிவிடும். நம்மை எழுந்து போகவிடாமல் பிடித்து வைப்பது இந்தக் கூட்டுவட்டிக் கணக்குதான்.

★ அதற்கு முன்பே, 2010இல், அமெரிக்கப் பேராசிரியர் இயன் போகோஸ்ட் ‘கவ் கிளிக்கர்’ என்று ஒன்றை ஃபேஸ்புக்கில் விட்டார். ஒரு மாடு. அதை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டலாம். அவ்வளவுதான் ஆட்டம். ‘ஃபார்ம்வில்’ வகை விளையாட்டுகளைக் கிண்டல் செய்யத்தான் அவர் இதைச் செய்தார். ஜனங்களோ கிண்டலைப் புரிந்துகொண்ட பிறகும் விடாமல் ஆடினார்கள்! கடைசியில் அவரே மாடுகளையெல்லாம் மறைய வைத்து முடித்துக்கொண்டார். மாடுகள் மறைந்த பிறகும் சிலர் அந்த வெற்றிடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

★ 2017இல் ஃபிராங்க் லான்ட்ஸ் செய்த ‘யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்’ விளையாட்டில் காகிதக் கவ்வி செய்யும் ஆலை நம் கையில். ஒரு கம்பிக் கவ்வியில் தொடங்கும் ஆட்டம், பிரபஞ்சம் முழுவதையும் கவ்வியாக்கிவிட்டுத்தான் ஓயும்.

★ கம்பி என்றதும் ஆடம் ஸ்மித் ஞாபகம் வருகிறார். 1776இல் வந்த அவருடைய புத்தகத்தின் முதல் அத்தியாயமே குண்டூசிப் பட்டறைதான். ஒருவர் கம்பி இழுக்க, ஒருவர் வெட்ட, ஒருவர் முனை தீட்ட என வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் 10 பேர் சேர்ந்து ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்யலாம் என்று கணக்குச் சொன்னார். ஆலை விளையாட்டு அத்தனைக்கும் இதுதான் மூலக்கணக்கு. நீலகிரிக்கும் ஊசிக்கும் தொடர்பு உண்டு. ஊட்டி – குன்னூர் சாலையில் கேத்தி அருகே 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் ‘போனி’ என்ற பெயரில் தையல் ஊசியும் பின்னல் ஊசியும் செய்கிறது. உங்கள் வீட்டுத் தையல் டப்பாவைத் திறந்து பாருங்கள், ஒருவேளை கேத்தி உள்ளே இருக்கலாம்.

★ இனி தேயிலைக்கு வருவோம். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் 4 முதல் 5 கிலோ பச்சை இலை வேண்டும். பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். கடைசியில் மூட்டை கட்டும் தூளில் இருக்கும் ஈரமோ 3 சதவீதம் அளவுதான். ஆக, டீத் தொழிற்சாலையின் பாதி வேலை தண்ணீரை வெளியேற்றுவது. அதை எந்த நேரத்தில், எந்த வேகத்தில் வெளியேற்றுவது என்பதில்தான் சாமர்த்தியமெல்லாம்.

★ ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ எல்லோருக்கும் தெரியும். அதே செடிக்கு எத்தனை நாள் கழித்துத் திரும்பி வருவது என்பதுதான் தோட்டத்தின் உண்மையான கணக்கு. கையால் பறித்தால் 7 முதல் 10 நாளுக்கு ஒரு சுற்று. ஆள் கிடைக்காமல் சுற்று தள்ளிப்போனால் கொழுந்து முற்றி நார் ஏறிவிடும். எடை கூடும், தரம் இறங்கும். பை பொருத்திய கத்தரியும், இருவர் பிடித்துக்கொண்டு நடக்கும் அறுவடை இயந்திரமும் இப்போது மலை முழுக்க வந்துவிட்டன. வேகம் பல மடங்கு. ஆனால் கத்தரிக்குக் கொழுந்து எது, முற்றல் எது என்று தெரியாது. இந்த இடத்திலேயே தட்டு விளையாட்டின் முதல் விதி உடைகிறது. இங்கே அதிகம் தட்டினால் அதிகம் கிடைக்காது. அதிகம் தட்டினால் மட்டமானது கிடைக்கும்.

★ தொழிற்சாலையின் முதல் குட்டி ஆட்டம் வாட்டுவது. ‘விதரிங்’ என்பார்கள். நீளமான தொட்டியில் கம்பி வலை விரித்து, அதன்மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றடிப்பார்கள். 12 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம் வரை பிடிக்கும். மழை நாளில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் என்பதால் வெப்பக் காற்றைக் கொஞ்சம் கலந்துவிட வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் இலை கருகும், குறைந்தால் விடிந்தும் பச்சையாகவே கிடக்கும்.

வாடியது போதுமா என்று பார்க்க மீட்டர்கள் உண்டு. ஆனால் அனுபவப்பட்ட டீ மேக்கர் கையைத்தான் நம்புவார். தொட்டியின் நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளுவார், மேலாக அள்ளமாட்டார். உள்ளங்கையில் வைத்து உருண்டையாக இறுக்கிப் பிடித்து மெல்ல விரலைத் திறப்பார். உருண்டை உடனே சிலிர்த்துப் பிரிந்தால் இன்னும் வாடவில்லை. பிடித்த வடிவம் அப்படியே நின்று, காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைந்தால் சரி. பிறகு கையை மோந்து பார்ப்பார். பச்சைப்புல் வாடை போய் லேசான பழவாடை வந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துவந்தால்தான் கீழ்த்தளத்துக்கு இலை இறங்கும்.

★ டீ ஃபேக்டரி ஏன் ராத்திரியெல்லாம் ஓடுகிறது என்று சுற்றுலா வந்தவர்கள் கேட்பதுண்டு. பகலில் பறித்த இலை மாலைக்குள் வந்து சேரும். அதை இரவெல்லாம் வாட்டினால், அரைக்கும் வேலை அதிகாலைக்கு வரும். கேட்டில் லாரி வரும் நேரத்தைத் தோட்டம் முடிவு செய்கிறது, மற்ற நேரங்களை இலையே முடிவு செய்துகொள்கிறது. முதலாளி என்ன சொல்கிறார் என்பதை இலை கேட்பதில்லை.

★ நாம் தினம் குடிக்கும் குருணைத் தூளைத் தருவது ‘சிடிசி’ இயந்திரம். நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று வேலையையும் ஒரே இழுப்பில் செய்யும். அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கர்ச்சர் 1930இல் உருவாக்கினார். பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700 சுற்று. இந்தப் பத்து மடங்கு வேக வித்தியாசத்தில்தான் இலை கிழிபடுகிறது. ஒரே வேகத்தில் சுற்றினால் நசுங்கிய கீரைதான் வரும்.

★ உருளைப் பல் மழுங்கினால் தூளின் குருணை கெடும். அதனால் உருளைகளைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிப் பல் தீட்டி வாங்க வேண்டும். பல் தேயும்போது உதிரும் இரும்புத் துகள் எங்கே போகும்? தூளுக்குள்தான். அதைப் பிடிக்கத் தூள் ஓடும் பாதையில் வரிசையாகக் காந்தம் வைத்திருப்பார்கள். ஷிஃப்டு முடிகிறபோது காந்தத்தில் மீசை போல ஒட்டியிருப்பதைத் துடைத்தெடுப்பது ஒருவருடைய தனி வேலை. விளையாட்டு செய்கிறவர்கள் கவனிக்கலாம், அருமையான ஒரு கட்டம் இது.

★ மூன்றாவது ஆட்டம்தான் எனக்குப் பிடித்தது. ‘ஃபெர்மென்டிங்’ என்றும் புளிக்க வைப்பது என்றும் சொல்கிறார்கள். உண்மையில் இட்லி மாவில் நடப்பது போன்ற நுண்ணுயிர் வேலை எதுவும் இதில் கிடையாது. வெட்டிய ஆப்பிள் பழுப்பாகிறதே, அதே வேதியியல்தான். இலையின் செல்கள் கிழிந்ததும் உள்ளே தனித்தனியாக இருந்த பாலிஃபீனாலும் நொதியும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற இரண்டு வகைப் பொருள்கள் உருவாகின்றன. முதலாவது டீக்குப் பளிச்சென்ற பொன்னிறமும் நாக்கில் சுறுசுறுப்பும் தரும். இரண்டாவது அடர்நிறமும் திடமும் தரும்.

சிக்கல் என்னவென்றால், நேரம் ஆக ஆக முதலாவது உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும், இரண்டாவது ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டும் சரியாகப் பொருந்தி நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்குள் தூளை டிரையருக்குள் தள்ளிவிட வேண்டும். பச்சையாக உள்ளே போனது செப்புநிறம் ஆகும். வாடை மாறும். ஒவ்வொரு நாளும் வெளிக்குளிர் மாறுவதால் நேற்றைய நிமிடக்கணக்கு இன்றைக்கு உதவாது. ஊட்டிக் குளிரில் மெதுவாக நடக்கும், ஏப்ரல் வெயிலில் ஓடிவிடும். இப்போது தூளைப் பட்டையில் நகர்த்திக்கொண்டே காற்றூட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இருந்தும், பட்டை முடியும் இடத்தில் மூக்கை வைத்துப் பார்க்க ஓர் ஆள் நிற்கத்தான் செய்கிறார்.

★ டிரையரில் சுமார் 100 டிகிரிக்கு மேல் சூடான காற்று. நொதியைக் கொன்று, ஈரத்தை இழுத்து, ஆட்டத்தை முடித்து வைக்கிறது. சூடு அதிகமானால் தூளின் வெளிப்புறம் சட்டென்று இறுகி, உள்ளே ஈரம் தங்கிவிடும். அப்படிப்பட்ட தூள் பார்க்க அழகாக இருக்கும், மூட்டைக்குள் சில வாரத்தில் பூத்துப்போகும். சூடு குறைந்தால் தூள் வெந்துபோய்ச் சாரமில்லாமல் ஆகும்.

★ இந்த டிரையரின் முன்னோடிகளில் ஒருவர் சாமுவேல் டேவிட்சன். பெல்ஃபாஸ்ட்காரர், இளவயதில் கச்சாரில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். கரி அடுப்பின்மேல் தட்டில் இலை உலர்த்துவதைப் பார்த்துச் சலித்து இயந்திரம் செய்யப் போனார். 1881இல் ஊர் திரும்பி ‘சிராக்கோ’ ஆலையைத் தொடங்கினார். இலைக்குக் காற்றடிக்க ஆரம்பித்த அவருடைய விசிறிகள் பிறகு கப்பல்களுக்கும் போயின. டைட்டானிக்கின் காற்றோட்டத்துக்கும் சிராக்கோ விசிறிகள்தான்.

★ காய்ந்த தூளில் செந்நிறமாக நாரும் காம்புத் துண்டும் கலந்திருக்கும். அதைப் பிரிப்பது ஒரு மாயவித்தை! பிவிசி உருளைகள் கம்பளித் துணியில் உரசிக்கொண்டே சுற்றும். உரசலில் நிலைமின்சாரம் ஏறும். அடியில் தூள் ஓடும்போது, எடை குறைந்த நார் மட்டும் துள்ளி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துண்டைத் தூக்கி விளையாடியிருக்கிறோமே, அதையே மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோவுக்குச் செய்கிறார்கள். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறினால் நிலைமின்சாரம் சோம்பிவிடும், நாரும் மேலே ஏறாது.

★ சல்லடையில் பிரியும் தரங்களில் மிகப் பொடியானதுக்கு ‘டஸ்ட்’ என்று பெயர். பெயரைக் கேட்டுத் தள்ளுபடி சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டு டீக்கடை அதில்தான் ஓடுகிறது. பொடி சிறிதானால் சாரம் சீக்கிரம் இறங்கும், பாலைத் தாண்டியும் நிறம் நிற்கும், ஒரு கிலோவுக்கு அதிக கிளாஸ் கிடைக்கும். காலை 6 மணிக்குக் கூட்டத்தை வைத்துக்கொண்டு முழு இலைத் தேயிலை ஊறட்டும் என்று எந்த மாஸ்டர் காத்திருப்பார்?

★ டீ ருசி பார்ப்பதற்கு உலகத் தரநிர்ணயம் உண்டு. ஐஎஸ்ஓ 3103, 1980இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். இதற்கு மூலமான பிரிட்டிஷ் தர ஆவணம் ஆறு பக்கம். ‘ஒரு கப் டீ போடுவது எப்படி’ என்று ஆறு பக்கம் எழுதியதற்காக 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிப்புக்காகத் தரும் பரிசுதான். ஆனால் குன்னூரில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, கரண்டியில் அள்ளி, சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகரும் சுவைஞருக்கு அது விளையாட்டு இல்லை. ஒரு கிண்ணத்துக்கு ஊறல் அரை நிமிடம் கூடிவிட்டால் பக்கத்துக் கிண்ணத்தோடு ஒப்பிடவே முடியாது. சத்தம் போட்டு உறிஞ்சுவதும் கெட்ட பழக்கம் இல்லை. காற்றோடு சேர்ந்து நாக்கு முழுவதும் தெறித்தால்தான் வாசனை மூக்குக்கு ஏறும்.

★ லண்டனில் பழைய காலத்துத் தேயிலை ஏலத்தை மெழுகுவத்தி வைத்து நடத்தினார்கள். திரி ஓர் அங்குலம் எரிந்து முடிவதற்குள் கேட்ட கடைசி விலைதான் விலை. நொடிமுள் இறங்கும் நம் கைப்பேசி ஆட்டங்களுக்குக் கொள்ளுத்தாத்தா! 1679இல் தொடங்கிய லண்டன் ஏலம் 1998 ஜூன் 29இல் கடைசியாக நடந்து முடிந்தது.

★ தென்னிந்தியாவில் கொச்சி ஏலம் 1947இல் தொடங்கியது, குன்னூர் 1963இல், கோவை 1980இல். குன்னூரில் சுத்தியல் தட்டி ஏலம் விட்ட காலம் போய்விட்டது. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைத் தூளை விற்க 2003இல் ‘டீசர்வ்’ மின்னணு ஏல மையம் அங்கே தொடங்கியது. சில ஆண்டுகளில் தேயிலை வாரியமும் நாடு முழுவதும் ஏலத்தைக் கணினிக்கு மாற்றியது. மலையில் பறித்து, வாட்டி, கிழித்து, உலர்த்திய சரக்கின் தலைவிதி இப்போது எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுட்டியைத் தட்டுவதில் இருக்கிறது. இந்தத் தொழிலில் நிஜமான ‘கிளிக்கர்’ அவர்தான்.

★ ஏலத்துக்கும் இலை விலைக்கும் முடிச்சு உண்டு. நீலகிரியின் சிறு விவசாயிகளில் பெரும்பாலோருக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. ஊர் லீஃப் ஷெட்டில் எடை போட்டுக் கொடுப்பார்கள், தொழிற்சாலை லாரி எடுத்துப்போகும். மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கு எடையில் கழிவு போகும். விலை? ஏலத்தில் தூள் போன சராசரியை வைத்துச் சூத்திரம் போட்டு, மாதந்தோறும் மாவட்டச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கும். மூட்டையைத் தராசில் ஏற்றும் நாளில் அது எவ்வளவுக்குப் போகும் என்பது ஏற்றுகிறவருக்குத் தெரியாது. ஒரு நாள் வைத்திருந்து பார்க்கலாம் என்றால் இலை கெட்டுவிடும். கறிவேப்பிலைக்காரருக்காவது காலையில் விலை தெரியும். உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தபட்ச ஆதார விலை வேண்டும் என்று மலை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எந்தக் கைப்பேசி விளையாட்டும், ஆடி முடித்தபின் மதிப்பெண் விதியைச் சொன்னால் அதை யாரும் இறக்கிவைத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

★ தொழிற்சாலை இல்லாதவர்கள் சேர்ந்து தொழிற்சாலை கட்டிய கதையும் இங்கே உண்டு. 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. அப்படி வந்தவற்றின் கூட்டமைப்பாக 1965இல் ‘இண்ட்கோசர்வ்’ அமைந்தது. ரேஷன் கடையில் பார்க்கும் ‘ஊட்டி டீ’ பொட்டலம் இவர்களுடையது.

★ ‘டேன்டீ’ என்ற அரசு நிறுவனம் டீ விற்பதற்காக மட்டும் பிறந்ததில்லை. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறித் திரும்ப வேண்டிவந்தது. அவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தோட்டம் போட ஆரம்பித்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் பல லயங்களில் இன்றும் பேச்சில் கண்டி வாடை அடிக்கும்.

★ அந்தக் கண்டிச் சீமையில் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் முதல் ‘தொழிற்சாலை’ அவருடைய வீட்டுத் திண்ணைதான். மேசைமேல் வைத்துக் கையாலேயே இலையை உருட்டி, கரி அடுப்பில் உலர்த்தினார்கள். ஆலை விளையாட்டுகளின் முதல் கட்டம் எப்போதும் இப்படித்தானே இருக்கிறது?

★ நீலகிரிக்குத் தேயிலை வந்தது 1830களில், கேத்திப் பண்ணையில் சோதனைச் செடியாக. தோட்டமாக நிலைத்தது 1850களுக்குப் பிறகு. 1859இல் தொடங்கிய தியாஷோலா தோட்டத்தில் சீனப் போர்க்கைதிகளைக் கொண்டு செடி நட்டதாகச் சொல்கிறார்கள். நடுவட்டத்தில் அந்தக் காலச் சிறைக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். கூடலூர் போகிற வழியில் இறங்கிப் பார்க்கலாம்.

★ சிடிசி வந்தபின் முழு இலையை முறுக்கிச் செய்யும் ‘ஆர்த்தடாக்ஸ்’ வகை சிறுபான்மையாகிவிட்டது. ஆனால் பெயர் வாங்கித் தந்தது அதுதான். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2006 நவம்பரில் லாஸ் வேகஸ் ஏலம் ஒன்றில் நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. சூதாட்ட நகரத்தில் கிடைத்த விலை என்று குன்னூரில் கேலி பேசுவார்கள், பெருமையோடுதான்.

★ டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும். அதிகாலையில் வெள்ளையாகப் பூத்த கொழுந்து வெயில் பட்டதும் கருகிவிடும். விளைச்சல் குறையும், பல தொழிற்சாலைகள் அரை வயிற்றோடு ஓடும். ஆனால் கருகாமல் தப்பிய கொழுந்து குளிரில் மெதுவாக வளர்ந்ததால் வாசனை தூக்கலாக இருக்கும். ‘ஃப்ராஸ்ட் டீ’ என்று தனி விலை. சரக்கு குறைந்த மாதத்தில்தான் நல்ல சரக்கு!

★ டீயை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால்: அரவங்காடு வெடிமருந்து ஆலை 1903இல் வந்தது. அதற்கு மின்சாரம் தரவே காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். ரயிலில் போகும்போது இன்றும் ஆலை மதில் கூடவே வரும்.

★ ஊட்டியில் 1960இல் அமைத்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமாப் பிரதிக்கான ஃபிலிம் எல்லாம் இங்கிருந்து போயின. ஃபிலிமுக்குத் தூசியில்லாத காற்றும் சுத்தமான தண்ணீரும் வேண்டும், ஊட்டியில் இரண்டும் இருந்தன. எல்லா நிற ஒளிக்கும் கூசும் ஃபிலிமுக்கு ரசாயனம் பூசும் அறையில் சிவப்பு விளக்குகூட எரியக் கூடாது. முழு இருட்டு. எத்தனை அடி நடந்தால் எந்த இயந்திரம், எந்தப் பக்கம் கதவு என்பதெல்லாம் உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும். டிஜிட்டல் கேமரா வந்தபின் ஆலை நொடித்து மூடப்பட்டது. திரையைக் கறுப்பாக வைத்துக்கொண்டு ஆடச் சொல்லும் துணிச்சல் எந்த விளையாட்டு நிறுவனத்துக்கும் இன்னும் வரவில்லை.

★ சாலையோரத்தில் நீலகிரித் தைலம் காய்ச்சும் கொட்டகை, மலையின் மிகச்சிறிய ஆலை. பெரிய பாத்திரத்தில் யூகலிப்டஸ் இலையும் தண்ணீரும், அடியில் விறகு. ஆவி குழாய் வழியே குளிர்ந்த நீரில் இறங்கித் திரவமாகும். எண்ணெய் மேலே மிதக்கும், அதை வடித்தெடுப்பார்கள். மரம் நம்முடையதல்ல. 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. இருந்தும் பாட்டி வைத்தியத்தில் சேர்ந்துவிட்டது.

★ ஊட்டிக்குப் போனால் தொட்டபெட்டா சாலைத் தேயிலைத் தொழிற்சாலையையும் குன்னூர் ஹைஃபீல்டையும் சுற்றுலாப் பயணிகள் பார்க்க முடியும். பெரும்பாலோர் நுழைந்ததும் விற்பனைப் பகுதியைத் தேடி ஓடுகிறார்கள். அவசரப்படாமல் சிடிசி உருளைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, டிரையர் வாயருகே ஒருமுறை நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். ஒரே இலைக்கு மூன்று வாசனை.

★ வீட்டில் ஒரு குட்டி ஆட்டம்: வெள்ளை வடிதாளையோ டிஷ்யூ தாளையோ நனைத்து அதன்மேல் டீத்தூளைப் பரப்பி ஐந்து நிமிடம் விடுங்கள். தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் காட்டுங்கள். நல்ல தூள் லேசான கறையோடு நிற்கும். நிறம் சேர்த்த தூளானால் தாளில் செம்பழுப்பு திட்டுத் திட்டாகப் பரவியிருக்கும். காந்தம் இருந்தால் காய்ந்த தூளில் ஒருமுறை ஓட்டியும் பாருங்கள், துகள் ஏறினால் கடையை மாற்றுங்கள்.